வேகவைத்த பீன்ஸில் உண்மையிலேயே சத்து இருக்கிறதா? சர்க்கரை உள்ளவர்கள் தினமும் சாப்பிடலாமா? வேகவைத்தால் சத்து போய்விடாதா?

தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் பீன்ஸ் போய் சர்க்கரையை இறக்கிவிடும் என்று நம்பிச் சாப்பிடாதீர்கள். தட்டில் சோறு உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். அதனால் வருகிற நன்மைதான் பெரும்பாலும்.

எங்கள் வீடு காரைக்குடியில். அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. தட்டில் பாதி காய் இருக்கட்டும், சோற்றைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்ன மறுநாளே, ஆர்வக்கோளாறில் பீன்ஸை வெறும் உப்புப் போட்டு அவித்து ஒரு கிண்ணம் நிறைய வைத்தேன். குழம்பு ஊற்றிய கையை அப்படியே நிறுத்தி, "என்ன ஆத்தா, புல்லை அவிச்சுக் கொண்டாந்திருக்க?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நானே ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன், புல்தான். சத்துக் கணக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாய்க்குள் இறங்கினால்தானே ஆச்சு.

கணக்குக்கு வருகிறேன். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, உப்பில்லாமல் வேகவைத்து நீரை வடித்த பீன்ஸ் 100 கிராமில் 35 கலோரி, மாவுச்சத்து 8 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, அதில் நார்ச்சத்து மட்டும் 3 கிராமுக்கு மேல். அதே 100 கிராம் வெள்ளைச் சோறு 130 கலோரி, மாவுச்சத்து 28 கிராம், நார்ச்சத்து அரை கிராம்கூடக் கிடையாது. ஒரு கரண்டி சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றரைக் கரண்டி பீன்ஸ் வைத்தால் வயிறும் நிரம்பும், சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சர்க்கரையும் குறையும். சோற்றைக் குறைக்காமல் பீன்ஸைக் கூடுதலாக வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு செல்லாது. மாத்திரையை நிறுத்துகிற பேச்சும் கிடையாது. அப்பச்சி இன்றைக்கும் போடுகிறார்.

மற்றபடி வைட்டமின் சி கொஞ்சம், ஃபோலேட் 33 மைக்ரோகிராம், சுண்ணாம்புச்சத்து 44 மில்லிகிராம், பொட்டாசியம் 146. இரும்புச்சத்து 0.65 மில்லிகிராம்தான். ரத்தசோகைக்கு பீன்ஸ் சாப்பிடு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். புரதமும் 2 கிராமுக்குள்தான். பீன்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் பயறு மாதிரி புரதம் நிறைய இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: ராஜ்மாவும் இதே செடியினம்தான். காயைப் பிஞ்சிலேயே பறித்தால் பீன்ஸ், முற்றிக் காய்ந்து விதையானால் ராஜ்மா. வேகவைத்த ராஜ்மாவில் புரதம் 9 கிராமை நெருங்கும். பிஞ்சில் அதை எதிர்பார்க்க முடியாது.

எங்கள் அப்பத்தா பீன்ஸை 'இங்கிலீசு காய்' என்பார். தெவசத்தன்று அது அடுப்படிக்குள் வரக்கூடாது. மிளகாயும் கூடாது, அன்றைக்கு மிளகுதான். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவை என்று பின்னால் படித்தபோது, பள்ளிக்கூடம் போகாத அப்பத்தா எப்படிச் சரியாகப் பிரித்து வைத்திருந்தார் என்று ஆச்சரியமாக இருந்தது. அது கிடக்கட்டும்.

வேகவைத்தால் சத்து போய்விடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போகும், ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. பச்சையில் 12 மில்லிகிராம் இருக்கும் வைட்டமின் சி வெந்தபின் 10க்குப் பக்கத்தில் நிற்கிறது. போவதில் பெரும்பங்கு நாம் கொட்டுகிற தண்ணீரோடு போவதுதான். அதற்காகப் பச்சையாகவே சாப்பிடாதீர்கள். பச்சை பீன்ஸில் லெக்டின் என்ற புரதம் உண்டு, வயிற்றைப் புரட்டும். நன்றாக வெந்தால் அது செயலிழந்துவிடும். பச்சைக் காயை சாலட்டில் நறுக்கிப் போடுவது எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்.

நான் செய்த கூத்து ஒன்று உண்டு. கல்யாண வீட்டுப் பொரியல் மாதிரி பச்சைப் பசேலென்று இருக்கட்டும் என்று கொதிக்கிற தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவைப் போட்டேன். நிறம் என்னமோ பிரமாதம். கரண்டியை வைத்தால் காய் குழகுழவென்று நசுங்கியது, வாயில் சோப்பு வாடை. சோடா காயின் கட்டுமானத்தையே கரைத்துவிடுகிறது. வைட்டமின் பி1, சி இரண்டையும் அழிக்கிறது. பச்சை நிறம் வேண்டுமென்றால் சோடா எதற்கு, சட்டியை மூடாமல் வேகவிட்டால் போதும். காயில் இருக்கிற அமிலம் ஆவியோடு வெளியே போய்விடும். மூடி வைத்தால் அது உள்ளேயே சுற்றிவந்து பச்சையத்தைக் கெடுத்து, காக்கி நிறத்தில் கொண்டுவந்து நிறுத்தும்.

இப்போது அப்பச்சி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற முறை இது. ஒடித்தால் படக்கென்று சத்தம் வர வேண்டும், வளைந்தால் அந்தக் காய் வேண்டாம். கழுவிவிட்டு நார் உரித்துப் பொடியாக நறுக்க வேண்டும்; நறுக்கியபின் கழுவினால் சத்தும் சேர்ந்து கழுவப்படும். இருப்புச்சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய், கடுகு, உளுந்தம்பருப்பு, கொஞ்சம் சோம்பு, வரமிளகாய், கறிவேப்பிலை, ஒரு கை சின்ன வெங்காயம். பிறகு பீன்ஸ், உப்பு, கை தெளிக்கிற அளவு தண்ணீர். தண்ணீர் சுண்டும்போது காய் வெந்திருக்கும், வடிக்க எதுவும் மிஞ்சாது. அரைவேக்காடாக வேகவைத்த பாசிப்பருப்பு இரண்டு கரண்டி சேர்த்துக் கிளறினால் அந்தப் புரதக் குறையும் கொஞ்சம் தீரும். தேங்காய்ப்பூ ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள்.

எண்ணெயில்தான் நாம் கோட்டை விடுகிறோம். கால் கிலோ பீன்ஸ் முழுவதும் சேர்ந்தே 80, 90 கலோரிதான். தாராளக் கையால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றினால் அது மட்டுமே 120. அதற்காக எண்ணெயே இல்லாமலும் செய்யாதீர்கள். காயில் இருக்கும் கரோட்டினை உடம்பு பிடித்துக்கொள்ள கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

பொரியல் அலுத்தால் மண்டி, எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் கழுநீரில் வைக்கிற புளிக்குழம்பு. வெண்டைக்காய் மண்டிக்கு எடுப்பது போலவே, அரிசி களைந்த இரண்டாம் கழுநீரில் பீன்ஸையும் மொச்சையையும் வேகவைத்து, பிறகு புளி கரைத்து ஊற்றுவேன். வெந்த தண்ணீர் குழம்பாகவே ஆகிவிடுவதால் எதுவும் வீணில்லை. புளியை முதலிலேயே ஊற்றிவிட்டால் மட்டும் காய் வேகாது, எவ்வளவு நேரம் கொதித்தாலும் நறுக்நறுக்கென்றுதான் இருக்கும். புளிப்பு காயை இறுக்கிவிடும்.

இரண்டு பேர் கவனமாக இருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் ஒருவர். பீன்ஸில் வைட்டமின் கே இருக்கிறது. சாப்பிடவே கூடாது என்றில்லை. ஒரு வாரம் தினமும், மறுவாரம் சுத்தமாக இல்லை என்று ஏற்றி இறக்கினால்தான் மாத்திரையின் கணக்கு குழம்பும். இன்னொருவர், சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள். அவர்களுக்கு நான் மேலே சொன்னதெல்லாம் தலைகீழ். நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்ட வேண்டும். என் அம்மான் வீட்டில் அப்படித்தான் செய்கிறார்கள், அளவு மட்டும் அவர்களுடைய டாக்டர் சொன்னது.

தினமும் பீன்ஸே வேண்டும் என்று அடம்பிடிக்கவும் தேவையில்லை. மலையிலிருந்து வருகிற காய், மழை பிடித்துக்கொண்டால் சந்தையில் விலை கேட்கவே பயமாக இருக்கும். அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் அவரைக்காயும் கொத்தவரங்காயும்தான். கொத்தவரங்காய் கொஞ்சம் கசக்கும் என்று அப்பச்சி முகம் சுளிப்பார். பாசிப்பருப்பை ஒரு கரண்டி கூடப் போட்டால் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்.