ஒழுங்கையில் உலகக் கிண்ணம்: கேள்வி பதில்

2026 உலகக் கிண்ண உதைபந்தாட்டத் தொடர் ஜூன் 11 அன்று மெக்சிக்கோ நகரில் தொடங்கி, ஜூலை 19 அன்று நியூ ஜேர்சியில் நிறைவடைகிறது. நுழைவுச் சீட்டும் விசாவும் இல்லாத நாம் அதை நம் தெருவிலிருந்தே பார்க்கப் போகிறோம். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில், 2006ஆம் ஆண்டு 21 அங்குலத் தொலைக்காட்சியொன்றை ஜன்னல் விளிம்பில் வைத்து வீதிப் பக்கம் திருப்பிய நாளிலிருந்து, ஒவ்வொரு உலகக் கிண்ணத்துக்கும் திரை கட்டும் பொறுப்பு என்னிடம்தான் இருக்கிறது. கொழும்பின் பல பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு அந்த அனுபவத்தை வைத்தே பதில் தருகிறேன்.

ஆட்டுப்பட்டித்தெருவிலிருந்து: ஐயா, அட்டவணையில் போட்டிருக்கும் நாளும் நேரமும் குழப்பமாக இருக்கின்றன. நம் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

நியூயோர்க், அட்லாண்டா போன்ற கிழக்குக் கரை நேரத்தோடு ஒன்பதரை மணித்தியாலத்தைக் கூட்டுங்கள். டலஸ், ஹியூஸ்டன் என்றால் பத்தரை, மெக்சிக்கோ நகரம் என்றால் பதினொன்றரை, லொஸ் ஏஞ்சலிஸ் என்றால் பன்னிரண்டரை. நமக்கு அநேகமாக எல்லாப் போட்டிகளும் இரவு 9.30க்கும் மறுநாள் காலை 9.30க்கும் இடையில்தான் வரும்.

மணியை விட நாள்தான் ஆட்களை ஏமாற்றும். தொடக்கப் போட்டி அங்கே ஜூன் 11, வியாழன் பகல். இங்கே அது ஜூன் 12 அதிகாலை 12.30. அதாவது வியாழன் இரவு தூங்காமல் இருக்க வேண்டுமே தவிர, வெள்ளி இரவு அல்ல. இறுதிப் போட்டியும் அப்படியே ஜூலை 20, திங்கள் அதிகாலை 12.30க்குத் தொடங்கும். 2014 பிரேசில் தொடரின்போது எங்கள் ஒழுங்கைக்கு வெளியிலிருந்து ஒரு குடும்பம் பாயும் சுண்டலும் பிளாஸ்கில் தேநீருமாக அரையிறுதி பார்க்க வந்து சேர்ந்தது. அந்தப் போட்டியோ முதல் நாள் இரவே முடிந்திருந்தது. அதன் பிறகு எங்கள் அறிவித்தல் பலகையில் திகதியை மட்டும் எழுதுவதில்லை. “வியாழன் இரவு, விடிந்தால் வெள்ளி” என்றே எழுதுகிறோம்.

கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை பக்கத்தவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைத்திருங்கள். ஜூன் 13 புனித அந்தோனியார் திருவிழா. முதல் இரண்டு நாள் போட்டிகளும் திருவிழாச் சனத்தோடு சேர்ந்தே வருவதால், பவனி வரும் வீதியில் திரையோ கயிறோ கட்டாமல் உள் ஒழுங்கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்குளியிலிருந்து: பெரிய தொலைக்காட்சியை வாடகைக்கு எடுப்பதா, புரொஜெக்டர் எடுப்பதா?

முதலில் எந்த நேரத்துப் போட்டிகளைப் பார்க்கப் போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள். இரவு 9.30, 12.30 போட்டிகளுக்குப் புரொஜெக்டரைப் போல எதுவும் வராது. அதிகாலை 3.30க்குத் தொடங்கும் போட்டியும் மேலதிக நேரத்துக்குப் போகாவிட்டால் இருட்டோடு முடிந்துவிடும். ஆனால் ஜூன் மாதத்தில் கொழும்பில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுவதால், 6.30 போட்டியை வெளியில் புரொஜெக்டரில் பார்ப்பது நடவாத காரியம். அதற்கு ஒரு வீட்டு மண்டபத்துத் தொலைக்காட்சிதான் சரி.

புரொஜெக்டர் எடுப்பதென்றால் அதன் வெளிச்ச அளவு 3000 லூமனுக்குக் குறையாமல் பாருங்கள். வாடகைக்குக் கொடுப்பவரிடம் இருட்டில் போட்டுக் காட்டச் சொல்லாமல், ஒரு குழல் விளக்கு எரியும் அறையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நம் ஒழுங்கைகளில் முழு இருட்டு ஒருபோதும் கிடைப்பதில்லை. திரைக்குப் படுக்கை விரிப்பைக் கட்டாதீர்கள். பாதி வெளிச்சம் துணியைத் தாண்டிப் பின்னால் போய்விடும். அச்சகங்களில் பிழையாக அச்சாகி ஒதுக்கி வைத்த பிளெக்ஸ் பதாகைகள் இருக்கும்; கேட்டால் சும்மாவே தருவார்கள். அதன் வெள்ளைப் பின்புறம் அருமையான திரை. கீழ் விளிம்பை மடித்து அதற்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகிவிடுங்கள். இல்லாவிட்டால் கடற்காற்று வீசும்போது திரை நெளிந்து, நேராகப் போகும் பந்தும் வளைந்து போவதுபோல் தெரியும். திரையின் கீழ் விளிம்பு நிலத்திலிருந்து நாலரை அடி உயரத்தில் இருக்கட்டும். முன்னால் பாய், அதன் பின் குட்டையான முக்காலி, அதன் பின் கதிரை, கடைசியில் நிற்பவர்கள் என்று வைத்தால், பன்னிரண்டடி ஒழுங்கையில் எண்பது பேர் ஒருவர் தலையை ஒருவர் மறைக்காமல் பார்க்கலாம்.

கொம்பனித்தெருவிலிருந்து: மழைக்காலமாயிற்றே, அண்ணா. என்ன செய்வது?

தென்மேற்குப் பருவமழை நம்மை விடாது. அதை எதிர்பார்த்தே ஆயத்தம் செய்ய வேண்டும். கனமழையில் செய்மதி வழி வரும் படம் முதலில் சதுரம் சதுரமாக உடைந்து, பின்னர் நின்றே போகும்; சாதாரண அன்ரெனாவில் வரும் ஒளிபரப்புக்கு அந்த அளவு பாதிப்பில்லை. ஆகவே போட்டி உள்ளூர் அலைவரிசையில் வருமானால், அந்த இணைப்பையும் ஆயத்தமாக வைத்திருங்கள். தறப்பாளைத் தட்டையாகக் கட்டாமல் ஒரு பக்கம் நன்றாகச் சரித்துக் கட்டுங்கள். நடுவில் நீர் தேங்கிய தறப்பாள் அறுந்து விழுந்தால் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து.

மழையை விட எனக்குப் பயம் மின்சாரத்தில்தான். 2014 இறுதிப் போட்டி, ஜேர்மனியும் ஆர்ஜென்டீனாவும். அதிகாலை மூன்று மணியை நெருங்கிய வேளை, மேலதிக நேரத்தின் இரண்டாம் பாதி. எக்ஸ்டென்ஷன் கோடின் நுனி, கதிரைகளுக்கு அடியில் ஓடிவந்த மழைநீரில் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் விழுந்து திரை இருண்டது. வீட்டுக்குள் ஓடிப்போய் சுவிட்சைத் தூக்கிவிட்டு வருவதற்குள் பக்கத்து ஒழுங்கையிலிருந்து “கோல்” என்ற சத்தம் வந்துவிட்டது. 113ஆவது நிமிடத்தில் ஜேர்மனியின் கெட்சே அடித்த அந்தக் கோலை எங்கள் ஒழுங்கை காதால்தான் பார்த்தது. கோல் போனால் போகட்டும். அந்த ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கையில் இன்றும் நெஞ்சு பதறுகிறது. ட்ரிப் சுவிட்ச் உள்ள வீட்டிலிருந்து மட்டும் மின்சாரம் எடுங்கள், பகலிலேயே அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், வயர் இணைப்பு ஒவ்வொன்றையும் ஆள் உயரத்துக்கு மேல் சுவரில் கட்டுங்கள். வீதிக் கம்பத்திலிருந்து கள்ளமாக வயர் இழுக்க யாராவது முன்வந்தால், அன்றைக்குப் போட்டியே வேண்டாம் என்று திரையைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றிலிருந்து: கீழே வாகனத் தரிப்பிடத்தில் ஒலிபெருக்கி வைத்துப் பார்க்க விரும்புகிறோம். பொலிஸ் அனுமதி கிடைக்குமா?

கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையான நேரத்துக்கு ஒலிபெருக்கி அனுமதி வழங்கக் கூடாதென உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் பணித்திருக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடம் ஒரு குடத்தைப் போன்றது. கீழே பேசினால் எட்டாம் மாடியில் கேட்கும். தொலைக்காட்சியின் சொந்தச் சத்தமே போதும். போட்டிக்கு மூன்று நாள் முன்பு வீடு வீடாகச் சென்று, நோயாளி இருக்கிறாரா, கைக்குழந்தை இருக்கிறதா, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்கப்பட்ட வீடு முறைப்பாடு செய்வதில்லை என்பது என் இருபது வருட அனுபவம். வெடி கொளுத்துவதை அறவே விலக்குங்கள்.

தெமட்டகொடையிலிருந்து: நானும் தங்கையும் சிறுவயது முதல் உதைபந்தாட்டத்தை விரும்பிப் பார்ப்பவர்கள். எங்கள் குடியிருப்புத் தோட்டத்தில் திரை கட்டுகிறார்கள், ஆனால் நள்ளிரவில் ஆண்கள் கூட்டத்துக்குள் போய் உட்கார வீட்டில் விடமாட்டார்கள். என்ன செய்யலாம்?

தங்கச்சி, வந்த கேள்விகளுள் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். 2022 கட்டார் தொடரில் எங்கள் ஒழுங்கையில் பெண்கள் நிறையப் பேர் வந்தார்கள். இறுதிப் போட்டி நம் நேரப்படி இரவு 8.30க்குத் தொடங்கியது அதற்கு ஒரு காரணம். இம்முறை அந்த வசதி இல்லை. ஆகவே பொறுப்பு திரை கட்டுபவர்களுடையது, உங்களுடையது அல்ல. கீழே வருவனவற்றை உங்கள் தோட்டத்து ஏற்பாட்டாளர்களிடம் என் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

திரைக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ, ஒரு வீட்டு வாசலை ஒட்டி இரண்டு வரிசை குடும்பங்களுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். பின்வரிசையில் ஒதுக்கினால் அது ஒதுக்கியது ஆகாது, தள்ளிவைத்ததே ஆகும். அந்த வாசல் வீட்டின் கழிவறையைப் பெண்கள் பயன்படுத்த முன்கூட்டியே இணக்கம் பெற வேண்டும். நாங்கள் முதல் பன்னிரண்டு வருடம் இதை யோசிக்கவே இல்லை, அதனால்தான் இடைவேளையில் எழுந்துபோன பெண்கள் திரும்பி வரவில்லை என்பதை ஓர் அக்கா சொல்லித்தான் அறிந்தோம். ஒழுங்கை வாயிலில் ஒரு விளக்கு கடைசி ஆள் வீடு போகும்வரை எரிய வேண்டும். குடித்துவிட்டு வருபவர் எவராயினும், ஏற்பாட்டாளரின் சொந்தத் தம்பியாயினும், அன்று அவருக்கு இடமில்லை. இவ்வளவும் செய்து, அம்மாவையும் முதல் போட்டிக்கு அழைத்து வந்து உட்காரவைத்துப் பாருங்கள். எங்கள் ஒழுங்கையில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி, ஓஃப்சைட் என்றால் என்னவென்று பேத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த போட்டியில் நடுவருக்கு முன்பே கையை உயர்த்தினார்.

முகத்துவாரத்திலிருந்து: பக்கத்து வீட்டார் எங்களுக்கு முன்பே கோல் என்று கத்துகிறார்கள். ஏன்?

நீங்கள் இணையம் வழியாகப் பார்க்கிறீர்கள், அவர்கள் செய்மதியிலோ அன்ரெனாவிலோ பார்க்கிறார்கள். இணைய ஒளிபரப்பு பல விநாடிகள், சில வேளைகளில் அரை நிமிடத்துக்கும் மேல் பிந்தி வரும். ஒழுங்கை முழுவதும் ஒரே வகை இணைப்பில் பார்ப்பதே தீர்வு. எங்கிருந்தோ வரும் திருட்டு இணைப்புகளைத் தொடவே வேண்டாம். அவற்றில் பாதி உங்கள் கைபேசிக்கு வைரஸையும், மீதி பிள்ளைகளுக்குப் பந்தய விளம்பரத்தையும் கொண்டுவரும்.

புதுக்கடையிலிருந்து: செலவை ஈடுசெய்ய ஆளுக்கு நூறு ரூபா வாங்கலாமா? ஒரு கடைக்காரர் தன் பதாகையைக் கட்டினால் பணம் தருவதாகவும் சொல்கிறார்.

இரண்டும் வேண்டாம். நுழைவுக் கட்டணம் வாங்கினாலோ அனுசரணையாளர் பெயரை வைத்தாலோ உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபாவின் விதிகளின்படி அது வணிக நோக்கிலான காட்சியாகி, உரிமம் தேவைப்படும். விதியை விடுங்கள், நூறு ரூபா கேட்ட கணத்தில், அந்த நூறு ரூபா இல்லாத வீட்டுப் பிள்ளை திரைக்குப் பின்னால் நின்று படத்தை இடவலம் மாறிப் பார்க்கும். நான் அதைக் கண்டிருக்கிறேன். ஒழுங்கையில் உள்ள வீடுகள் இயன்றதைப் போட்டு வாடகையைப் பிரித்துக்கொள்ளுங்கள்; ஒருவர் பிளேன்டீ, ஒருவர் கதிரை, ஒருவர் மின்சாரம்.

மருதானையிலிருந்து: குழுநிலைக் கடைசிச் சுற்றில் ஒரே நேரத்தில் இரண்டு போட்டிகள் நடக்கின்றனவே, எதைக் காட்டுவது?

1982இல் ஹிஹோன் நகரில் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும், முதல் நாளே முடிந்துவிட்ட மற்றப் போட்டியின் முடிவைத் தெரிந்துகொண்டு, இருவரும் அடுத்த சுற்றுக்குப் போகப் போதுமான 1-0 என்ற கணக்கோடு பந்தைச் சும்மா உருட்டி அல்ஜீரியாவை வெளியேற்றின. அதன் பின்னர்தான் ஒவ்வொரு குழுவின் கடைசி இரண்டு போட்டிகளும் ஒரே நேரத்தில் வைக்கப்படுகின்றன. பெரிய திரையில் ஒன்று, வாசலில் சிறிய தொலைக்காட்சியில் சத்தமின்றி மற்றொன்று என்று வையுங்கள். எதைப் பெரிதாகக் காட்டுவதென்று முதல் நாளே கை உயர்த்தித் தீர்மானியுங்கள்.

வாழைத்தோட்டத்திலிருந்து: பிரேசில், ஆர்ஜென்டீனா ஆதரவாளர்கள் கொடி கட்டுவதிலேயே அடிபடுகிறார்கள்.

கொடிக்கு ஆளுக்கொரு சுவரைப் பிரித்துக் கொடுங்கள். மின்கம்பிக்குக் கிட்டவும் அடுத்தவர் வாசலுக்கு மேலும் எவரும் கட்டக் கூடாது. 1990இல் டியூரினில் கனீஜியாவின் ஒரே கோலால் ஆர்ஜென்டீனா வென்றதன் பின் 2022 வரை இந்த இரு அணிகளும் உலகக் கிண்ணத்தில் ஒருமுறையேனும் மோதவில்லை என்பதை இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: மாமா, எனக்குப் பதினொரு வயது. பாடசாலை இருப்பதால் நள்ளிரவுப் போட்டிக்கு அம்மா விடமாட்டார். இறுதிப் போட்டியாவது பார்க்கலாமா?

மகன், அம்மா சொல்வது சரி. வெள்ளி, சனி இரவுகளில் நள்ளிரவுக்கு முன் தொடங்கும் போட்டி இருந்தால் அதைக் கேள், காலை 6.30 போட்டிகளைச் சனி, ஞாயிறில் யாருடைய அனுமதியும் இல்லாமலே பார்க்கலாம். இறுதிப் போட்டி திங்கள் அதிகாலை. ஞாயிறு பகல் நன்றாகத் தூங்கி, ஏழு மணிக்குச் சாப்பிட்டு மறுபடி படுத்துவிடுவதாக அம்மாவிடம் வாக்குக் கொடு. இரண்டாம் பாதி தொடங்குவதற்குள் அப்பா உன்னை எழுப்பி ஒழுங்கைக்குக் கூட்டி வரட்டும். முன் பாயில் இடதுபக்க மூலையை உனக்கென்று வைத்திருப்பேன். தலையணையை மட்டும் நீ கொண்டு வா.