மலையேற்றத்துக்கு எந்த மடக்குக் கத்தி? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

முகாமுக்கு எடுத்துப் போக எடை குறைந்த மடக்குக் கத்தி எது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முகாமில் கத்திக்கு வரும் வேலை பெரும்பாலும் வெங்காயம் நறுக்குவது, கயிறு அறுப்பது, பொட்டலம் பிரிப்பது. அதற்கு மெல்லிய, குட்டையான அலகு போதும். காட்டுக்குப் போகிறோமே என்று தடித்த அலகு வாங்கினால் தக்காளி வெட்டுப்படாது, நசுங்கும்.

அண்ணா, முதன்முதலாக வாங்குகிறேன், பட்ஜெட்டும் குறைவு. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

ஒப்பினெல் 8-ஆம் நம்பர், துருப்பிடிக்காத எஃகு அலகு. பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஒப்பினெல் 1890-இல் ஆரம்பித்தது. அந்த ஊர் விவசாயிகள் பையில் வைத்திருந்த கத்தி. அலகு 8.5 செ.மீ., தடிமன் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு, எடை சுமார் 50 கிராம். கழுத்தில் இருக்கும் வளையத்தைத் திருப்பினால் திறந்த அலகு மடங்காமல் பூட்டிக்கொள்ளும், இந்த வளையம் 1955-இல் வந்தது. அதில் கெட்டுப்போக ஸ்பிரிங் எதுவும் கிடையாது.

குறை ஒன்று உண்டு. பீச் மரக் கைப்பிடி மழையில் ஊறினால் உப்பி அலகைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், நகத்தால் இழுத்தால் வராது. வளையத்தைத் திறந்த நிலையில் வைத்து, கைப்பிடியின் வால்முனையைக் கட்டையில் ஒரு தட்டுத் தட்டுங்கள், அலகு தானாக எட்டிப் பார்க்கும். வாங்கியதுமே ஆளி விதை எண்ணெயைக் கைப்பிடியில் நன்றாக ஊற விட்டுக் காயவைத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

கார்பன் ஸ்டீல்தான் கூர் நிற்கும் என்கிறார்களே, அதை வாங்கலாமா?

நன்றாகத் தீட்ட வரும், உண்மைதான். ஆனால் நம் மலைகளில் மூடுபனியும் மழையும் வியர்வையும் சேர்ந்தால் ஓர் இரவிலேயே துருப்புள்ளி வந்துவிடும். எலுமிச்சையும் மாங்காயும் வெட்டினால் அலகு கறுக்கும், வெட்டிய துண்டில் இரும்பு வாடையும் ஏறும். பழைய இரும்பு அரிவாள்மனையில் வாழைப்பூ நறுக்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். தினமும் துடைத்து எண்ணெய் பூசும் பழக்கம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

டி2 என்ற கருவி எஃகு பற்றியும் இருவர் கேட்டிருந்தீர்கள். அதில் குரோமியம் சுமார் 12 சதவீதம் இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கட்டுண்டு போவதால் துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. கடற்கரை முகாமுக்கு அது வேண்டாம்.

பெஞ்ச்மேட் பக்அவுட் அவ்வளவு விலைக்குத் தகுமா சார்?

அமெரிக்க மடக்குக் கத்தி இது. 52 கிராமில் 8 செ.மீ.க்கு மேல் அலகு, எஸ்30வி என்ற துருப்பிடிக்காத எஃகு, ஒரு கையால் திறந்து மூடலாம், இடதுகைக்காரர்களுக்கும் பொருந்தும் பூட்டு. நல்ல கத்தி, சந்தேகமில்லை. ஆனால் எஸ்30வி-யில் தேய்மானத்தைத் தாங்க வைக்கும் வனேடியம் என்ற உலோகம் 4 சதவீதம், அதனால் கூர் நெடுநாள் நிற்கும், மழுங்கிவிட்டால் சாதாரணக் கல்லில் தீட்டிக் கூர் கொண்டுவருவதற்குள் கை சலித்துவிடும். வைரப் பொடி பதித்த தகடு வேண்டும். வருடத்துக்கு ஓரிரு முறை முகாம் போகிறவர் அந்தப் பணத்தை நல்ல தூக்கப்பைக்குப் போடுவதே சரி.

பூட்டு இல்லாத சுவிஸ் கத்தி ஆபத்தா?

நறுக்கும்போது விசை கூர்ப்பக்கம் வருகிறது, அலகு மூடாது. முனையால் குத்தித் துளை போடும்போதுதான் மடங்கி விரலில் விழும். அந்த வேலையைத் தவிர்த்தால் விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டன் போன்ற 60 கிராம் கத்தி பெரும்பாலானவர்களுக்குப் போதும், டப்பா திறப்பானும் துளையூசியும் அதிலேயே இருக்கின்றன. பூட்டு உள்ளதையும் கண்மூடி நம்ப வேண்டாம். மலிவான கத்திகளில் முதலில் தளர்வது பூட்டுதான். கடையிலேயே திறந்து, விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு, முதுகுப் பக்கம் அழுத்திப் பாருங்கள். ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

விறகு பிளக்க முடியுமா?

கூடாது. அத்தனை அடியும் ஒரு சின்னக் கீல் ஆணியில் இறங்கும். காரில் போனால் ஓர் அரிவாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்களா அண்ணா?

இதைக் கவனமாகப் படியுங்கள். ஆயுத விதிகளில் பேசப்படுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள், அதனால் சின்னக் கத்திக்குக் கவலையில்லை என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேறு. அதில் ஆயுதம் என்பதன் விளக்கத்திலேயே கத்தியும் இருக்கிறது, அளவு எதுவும் சொல்லவில்லை. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்கிறது 31-ஆம் பிரிவு. முதுமலை, ஆனைமலை, களக்காடு பக்கம் போகிறவர்கள் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், காய்கறியை முன்னாலேயே நறுக்கி எடுத்துப் போங்கள். வனக்காவலரிடம் வாதம் செய்ய வேண்டாம், அவர் தன் வேலையைத்தான் செய்கிறார். விமானம் என்றால் செக்-இன் பையில் மட்டும்.

லண்டனில் இருக்கிறேன். ஒப்பினெல் 8 பையிலேயே இருக்கலாமா?

வேண்டாம். அங்கே காரணம் கேட்காமல் விடுவது 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டாத மடக்குக் கத்தியைத்தான். ஒப்பினெல் 8 நீளத்திலும் தாண்டுகிறது, பூட்டவும் செய்கிறது. முகாமுக்குப் போகும்போது அது நியாயமான காரணம், திரும்பி வந்தபின் காரிலேயே கிடந்தால் அந்தக் காரணம் போய்விடும். உங்களுக்கு ஸ்பார்ட்டன்தான்.

முகாமில் மழுங்கிவிட்டால்?

பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அதில் பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வில், மாற்றி மாற்றி மெதுவாக இழுங்கள். தக்காளித் தோலில் வழுக்காமல் இறங்கினால் போதும். வீட்டுக்கு வந்து 1000 கிரிட் (சொரசொரப்பின் அளவு) கல்லில் ஒழுங்காகத் தீட்டிக்கொள்ளலாம்.

கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? எங்கள் வீட்டில் அதுதான் இருக்கிறது.

சமவெளியில் அவசரத்துக்கு விடலாம். ஆனால் அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், கொடைக்கானல் இரவில் கத்தியைத் திறக்கவே சிரமப்படுவீர்கள். அப்புறம் சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளடைவில் பிசுபிசுத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு போதும், உணவில் பட்டாலும் பயமில்லை. மீன் அறுத்த அன்று மட்டும் முதலில் வெந்நீரில் கழுவி, திறந்த நிலையிலேயே காயவைத்து, பிறகு எண்ணெய் விடுங்கள். ஈரத்தோடு மடக்கினால் துரு கீலுக்குள்தான் ஆரம்பிக்கும், வெளியே தெரியாது.