நடக்கும்போது கை வீங்குகிறதா? முதலில் மோதிரத்தைக் கழற்றுங்கள், பிறகு கேளுங்கள்

நான் பிசியோதெரபிஸ்ட். காலை வாக்கிங் போகிறவர்களின் முட்டி, இடுப்பு, குதிகால் வலியோடுதான் என் பொழுது போகிறது. இந்த முறை கை வீக்கம் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் மருந்து எழுதித் தருவதில்லை. அதைக் கேட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்: தினமும் 5 கிலோமீட்டர் நடக்கிறேன். பாதி தூரத்திலேயே இரண்டு கை விரல்களும் உப்பிக் கனக்கின்றன, மடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து பேப்பர் படித்து முடிப்பதற்குள் சரியாகிவிடுகிறது. இதயக் கோளாறாக இருக்குமோ என்று மனைவி பயப்படுகிறார்.

இரண்டு கையும் சேர்ந்து வீங்குகிறது, நின்ற கொஞ்ச நேரத்தில் தானாக வடிகிறது. இப்படி இருந்தால் பெரும்பாலும் அது நோய் இல்லை ஐயா. வீட்டம்மாவிடம் சொல்லுங்கள்.

நடக்கும்போது ரத்தத்துக்குக் கிராக்கி தொடையிலும் கெண்டைக்காலிலும்தான். சும்மா இருக்கையில் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது. வேக நடையில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பெரும்பங்கு காலுக்குப் போவதால் தொடக்கத்தில் கைக்கு வரத்து குறைகிறது. பிறகு உடம்பு சூடேறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற உள்ளங்கையிலும் விரல்களிலும் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் சிறு குழாய்கள் உண்டு. சூடு கூடினால் அவை அகலத் திறக்கும், லாரிக்கு ரேடியேட்டர் போல. சரி, வந்த ரத்தம் திரும்பி ஏற வேண்டாமா? காலில் கெண்டைச் சதை ஒவ்வொரு அடிக்கும் பிழிந்து மேலே அனுப்புகிறது. கைக்கு அந்த வேலையே இல்லை, தொங்கிக்கொண்டு கூட வருகிறது, அவ்வளவுதான். ரத்தம் தேங்குகிறது, நீர் கசிந்து தோலடியில் நிற்கிறது. விரலில் இடம் ஏது? கொஞ்சம் நீர் சேர்ந்தாலே விறைத்துவிடும்.

நம்பிக்கை வராவிட்டால் நாளைக்கே சோதித்துப் பாருங்கள். ஒரு கையை முழங்கை மடக்கி மார்பு உயரத்தில் வைத்து, விரல்களை மூடித் திறந்தபடி நடங்கள். மறு கையைத் தொங்கவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. முழங்கையை மடக்கி வீசி நடங்கள். ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி இருபது தடவை முஷ்டி மூடித் திறங்கள். தோளை முன்னும் பின்னும் சுழற்றுங்கள். கிளம்பும் முன் மோதிரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், வாட்ச் பட்டையை ஒரு துளை தளர்த்துங்கள். மேல்மூச்சு வாங்கினாலோ, காலும் முகமும் வீங்கினாலோ, வீக்கம் மறுநாள் வரை இருந்தாலோ, அப்போது மருத்துவரிடம் போங்கள்.

பெயர் வேண்டாம், ஈரோடு: ஏழு மாதக் கர்ப்பம். வாக்கிங் போய் வந்தால் கை வீங்குகிறது, நேற்றிலிருந்து தலைவலி, கண் லேசாக மங்குகிறது.

இதைப் படித்துக்கொண்டிருக்காதேம்மா. இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷர் பார். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அவர்களே மேற்கொண்டு பார்த்துக்கொள்வார்கள். பிரஷர் சரியாக இருந்தாலும் தலைவலியையும் கண் மங்கலையும் சொல்லாமல் திரும்பாதே.

ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்: மேடம், தண்ணீர் குறைவாகக் குடிப்பதால்தான் வீக்கம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இப்போது ஒரு மணி நேர வாக்கிங்கில் 2 லிட்டர் குடிக்கிறேன். இன்னும் கூடத்தான் வீங்குகிறது.

தம்பி, அந்த வீடியோவை விடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 2 லிட்டர் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் வேகத்தைவிட அதிகம். மிச்சம் உடம்பில் தங்கி ரத்தத்தில் சோடியத்தை நீர்க்கச் செய்யும். சோடியம் லிட்டருக்கு 135-க்கும் 145 மில்லிமோலுக்கும் இடையே இருக்க வேண்டும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். ஓடினால் எடை குறையத்தானே வேண்டும்? கூடியது முழுக்கக் குடித்த தண்ணீர்.

கை வீக்கத்தோடு குமட்டல், தலைவலி, பேச்சுக் குழறல் வந்தால் மேலும் தண்ணீர் கொடுக்கக் கூடாது, நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒரு மணி நேர நடைக்கு, தாகம் எடுக்கும்போது சில மடக்கு போதும். உங்கள் பக்கம் கடற்கரைப் புழுக்கம் வேறு. வியர்வை காயாததால் தோலுக்கு இன்னும் ரத்தம் போகும், வீக்கம் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

இல்லத்தரசி, கும்பகோணம்: உப்பைக் குறைக்க வேண்டுமா?

ஆமாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள். முந்தின ராத்திரி ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று சாப்பிட்டுவிட்டுக் காலையில் விரலைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

வாக்கிங் நண்பர், சேலம்: கை வீங்குகிறது. என்ன செய்யலாம்?

முதல் பதில்.

பிரஷர் பேஷன்ட், நெல்லை: அம்லோடிபின் சாப்பிடுகிறேன். அதனாலா?

அந்த மாத்திரை வீக்கம் பொதுவாகக் கணுக்காலில் வரும். கையில் மட்டும் என்றால் நடைதான் காரணமாக இருக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

ஜோதிட நம்பிக்கையுள்ளவர், நாமக்கல்: ஆள்காட்டி விரலில் புஷ்பராகம் போட்டிருக்கிறேன். கழற்றினால் பலன் போய்விடும் என்கிறார்கள். நடக்கும்போதும் போட்டிருக்கலாமா?

கூடாது. வீங்கின விரலில் மோதிரம் இறுகினால் கீழே ரத்தம் திரும்ப முடியாது. திரும்ப முடியாததால் இன்னும் வீங்கும், வீங்கினதால் இன்னும் இறுகும். குரு பகவானுக்கு உங்கள் விரல் நீலம் ஆவதில் எந்த விருப்பமும் இருக்காது.

இதை எழுதியதும் வந்து விழுந்தவற்றில் சிலவற்றை மட்டும் தருகிறேன்.

மதுரை: கை வீக்கத்துக்கு வழி கேட்டால் நம்பிக்கையைக் கிண்டல் செய்கிறீர்கள். கல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால்தான் வேலை செய்யும்.

ஈரோட்டு பகுத்தறிவாளர்: கல்லே ஏமாற்று. கழற்றி அடகு வைத்து நல்ல ஷூ வாங்குங்கள்.

மதுரை: ஷூ வாங்க நாங்கள் அடகுக் கடைக்குப் போக வேண்டிய நிலையில் இல்லை.

நகைத் தொழில் செய்பவர், நாகர்கோவில்: எதுக்குச் சண்டை? கல்லை அடிப்பக்கம் திறந்த டாலராகக் கட்டித் தருகிறோம். சங்கிலியில் மாட்டினால் நெஞ்சில் பட்டுக்கொண்டே இருக்கும்.

நாமக்கல்: குரு விரலில் போட்டால்தான் குருவுக்கு. நெஞ்சில் போட்டால் யாருக்கு?

கல் வேலை செய்யுமா என்பது என் துறை இல்லை. விரல் வேலை செய்யுமா என்பதுதான் என் துறை. நாகர்கோவில்காரர் சொன்னது நல்ல யோசனை. அதுவும் வேண்டாமென்றால் நடக்கும் ஒரு மணி நேரம் மட்டும் பூஜை அறையில் வையுங்கள், குளித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். மணிக்கட்டில் கோயில் கயிறு கட்டியிருப்பவர்களுக்கும் இதே பேச்சுதான். வியர்வையில் நனைந்த கயிறு இறுகும். ஒரு விரல் நுழையும்படி தளர்த்திக் கட்டுங்கள்.

பதற்றத்தில் ஒரு மருமகள், திண்டுக்கல்: சண்டை இருக்கட்டும் மேடம். மாமியாருக்கு மோதிரம் இப்போது மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க வீங்குகிறது.

இழுப்பதை நிறுத்துங்கள். விரல் நீலமாகவோ வெளுத்தோ இருந்தால், மரத்துப்போயிருந்தால், வீட்டு வைத்தியம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தீயணைப்பு நிலையத்திலும் மோதிரம் வெட்டித் தருவார்கள்.

நிறம் சரியாக இருந்தால், கையைத் தலைக்கு மேல் பத்து நிமிடம் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம். தேங்காய் எண்ணெயோ சோப்போ தடவி, இழுக்காமல் திருகிக் கழற்றிப் பாருங்கள். வராவிட்டால் நூல். வழுவழுப்பான நீளமான நூலின் ஒரு நுனியை ஊசிக் காதில் கோத்து, காதுப் பக்கமாகவே மோதிரத்துக்கு அடியில் உள்ளங்கைப் பக்கம் தள்ளுங்கள். ஊசிமுனை தோலில் படக்கூடாது. அந்த நுனியை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, மிச்ச நூலை மோதிரத்தை ஒட்டியே தொடங்கி, சுற்றுக்குச் சுற்று இடைவெளி விடாமல் கணுவைத் தாண்டும்வரை இறுக்கிச் சுற்றுங்கள். இப்போது அடியில் நுழைத்த நுனியை விரல் நுனிப் பக்கமாக இழுத்துப் பிரியுங்கள். ஒவ்வொரு சுற்று பிரியும்போதும் மோதிரம் ஒரு நூல் அளவு நகரும். வலிக்கும், அவசரப்படாதீர்கள். இரண்டாவது தடவையும் வராவிட்டால் ஆசாரியிடம் வெட்டச் சொல்லிவிடுங்கள். தங்கத்தை ஒட்டவைக்க முடியும்.

மார்பக அறுவை சிகிச்சை ஆனவர், கோவை: இடது பக்கம் நெறிக்கட்டிகளும் எடுத்துவிட்டார்கள். நடந்தால் இடது கை மட்டும் வீங்குகிறது. நடையை நிறுத்தச் சொல்கிறார்கள் உறவினர்கள்.

நிறுத்த வேண்டாம் அம்மா. உங்களுடையது மற்றவர்கள் கேட்டதிலிருந்து முற்றிலும் வேறு. அக்குளில் நிணநீர் வடியும் வழி குறைந்துவிட்டதால் வரும் வீக்கம் அது. கை உயர்த்துவதால் மட்டும் தீராது. கையின் பல இடங்களில் சுற்றளவு எடுத்துத் தைக்கும் அழுத்த உறை இருக்கிறது, அதை அணிந்து நடக்க வேண்டும். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு அளவை வாங்காதீர்கள். மணிக்கட்டில் மட்டும் இறுகும் உறை கெடுதல் செய்யும். உங்களுக்கு அறுவை செய்த இடத்திலேயே நிணநீர் வீக்கத்துக்குப் பயிற்சி பெற்ற பிசியோவைக் கேளுங்கள்.

உறவினர்களுக்குச் சொல்ல ஒன்று: இதே வீக்கம் உள்ள 141 பெண்களை ஒரு வருடம் கவனித்த ஆய்வு 2009-ல் வந்தது. பாதிப் பேர் வாரம் இரண்டு தடவை, உறை அணிந்து, படிப்படியாக எடை தூக்கினார்கள். வீக்கம் அவர்களுக்குக் கூடவில்லை, திடீரென்று மோசமாவது மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. எடை தூக்குவதே இப்படி என்றால் நடைக்கென்ன?

அந்தக் கையில் வளையல் நெருக்கமாகப் போடாதீர்கள். பூ பறிக்கும்போது முள் கீறினாலும் உடனே கழுவுங்கள். கை சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

கல்லூரி மாணவர், திருச்சி: ஜிம்மில் பெஞ்ச் பிரஸ் போடுகிறேன். நேற்றிலிருந்து வலது கை மட்டும் தோள் வரை வீங்கி, நீலம் பாய்ந்திருக்கிறது.

தோளருகே சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். இன்றே, இப்போதே அவசரப் பிரிவு. அந்தக் கையை அமுக்கிப் பிடித்துவிட வேண்டாம்.

வாக்கிங் குழு, தாம்பரம்: எட்டு போட்டு நடந்தால் கை வீக்கம் போகுமா?

எட்டு போட்டாலும் ஒன்பது போட்டாலும் கை தொங்கினால் வீங்கும்.

மூட்டு வலிக்காரர், வேலூர்: எனக்கு நடக்காவிட்டாலும் காலையில் எழுந்ததும் விரல்கள் விறைப்பு, ஒரு மணி நேரம் ஆகிறது சரியாக.

அப்படியென்றால் நடையைக் குற்றம் சொல்லாதீர்கள். மூட்டு வாத மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

வாக்கிங் போகிறவர், கடலூர்: நடந்தால் இரண்டு கையும் வீங்குது மேடம், மோதிரம் டைட்டாகுது. கழட்டணுமா?

இதைக் கேட்கும் நேரத்தில் கழற்றியிருக்கலாம்.

பௌர்ணமி கிரிவலம் போகிறவர், ஆரணி: மலையைச் சுற்றி முடிப்பதற்குள் கை பன்னு மாதிரி ஆகிவிடுகிறது. கைத்தடி வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. தடியைப் பிடித்து ஊன்றும்போது முன்கைச் சதை வேலை செய்யும், ரத்தம் ஏறும். ஒரே கையில் வைக்காமல் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். கூட்டத்தில் தடி சரிப்படாது என்றால் வேறு வழி இருக்கிறது. 14 கிலோமீட்டரில் எட்டு லிங்கம் வருகிறதே, ஒவ்வொன்றிலும் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் நன்றாகத் தூக்கிக் கும்பிடுங்கள், சாவகாசமாக. நடுவில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முஷ்டி மூடித் திறந்து நடங்கள். பையின் வார் அக்குளை அறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் கொடுக்கிறார்களே என்று ஒவ்வொரு பந்தலிலும் தண்ணீரும் மோரும் வாங்கிக் குடிக்க வேண்டாம். மோதிரத்தைக் கூட்டத்தில் கழற்றிச் சட்டைப்பையில் போடாதீர்கள், ஆரணியிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.