அப்பாவின் கிரிக்கெட் பெட்டியைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். அப்பா சேர்த்த கிரிக்கெட் பொருட்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய உள்ளன. கையெழுத்திட்ட மட்டை, பந்து, 1983 உலகக் கோப்பை வெற்றிச் செய்தித்தாள்கள், 1986 சேப்பாக்கம் டெஸ்ட் டிக்கெட். 9, 14 வயதுப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள். பிள்ளைகளின் கையைவிட உங்கள் ஊர் ஈரம்தான் அந்தப் பெட்டிக்கு ஆபத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூட்டியே கிடக்கும் தகரப் பெட்டிக்குள் பூசணம் பிடித்தால் யாருக்கும் தெரியாது. வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பதைப் பிள்ளைகளின் பொறுப்பாக்குங்கள்.

முதலில், வெயில் நாளில் 11 மணி முதல் 3 மணி வரை எல்லாவற்றையும் அறைக்குள் நிழலில் பரப்பி உலர்த்துங்கள். நேர் வெயில் பட்டால் ஸ்கெட்ச் பேனா கையெழுத்து வெளுத்துவிடும். பிறகு இறுக மூடும் பாலிப்ரொப்பிலீன் பெட்டிக்கு மாற்றுங்கள். உள்ளே துணிப்பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், பக்கத்தில் ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர். சின்னவர் வாராவாரம் அளவை நோட்டில் எழுதட்டும். 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 65-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணம் வரும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால், வீட்டுப் பெரியவர்கள் அதை ஓவனில் 110 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு பொருளை மூடினால் ஜெல்லும் காப்பாற்றாது. பெட்டியை வைக்க வெளிச்சுவரையும் கணப்பு அடுப்பு உள்ள அறையையும் தவிருங்கள்.

மூத்த பிள்ளைக்குச் செய்தித்தாள்கள். 600 டிபிஐ (ஸ்கேனின் துல்லிய அளவு) வைத்து ஸ்கேன் செய்து அச்செடுத்தால், விருந்தாளிகளுக்கு அதைக் காட்டலாம். அசல் மடிப்பு பிரியாமல் இருக்கும். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். சூடும் பசையும் காகிதத்தில் இறங்கினால் மீட்க வழியில்லை. பிவிசி பிளாஸ்டிக் உறையிலும் மை ஒட்டிக்கொள்ளும். மட்டைக்கு ஆளி விதை எண்ணெய் போடுவதானால் கையெழுத்துப் பக்கம் போகாதீர்கள். பந்துக்குப் பாலிஷ் கூடாது. பாச்சை உருண்டையும் வேண்டாம், சில பிளாஸ்டிக்குகளை அது இளக்கிவிடும். தொடுவதற்கு முன் கையைக் கழுவி நன்றாகத் துடைத்தால் போதும்.

அப்பாவின் பங்குதான் பெரியது. அந்த டிக்கெட், டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது முறையாக 'டை' ஆன (ஓட்டங்கள் சமமாகி முடிந்த) இந்தியா–ஆஸ்திரேலியா ஆட்டத்துடையது. எந்த நாள் போனார், யாரோடு போனார், மட்டையில் கையெழுத்து எங்கே வாங்கினார் என்று பிள்ளைகள் கேட்கக் கேட்க அவர் சொல்லட்டும். போனில் பதிவு செய்யுங்கள். இந்த விவரம் இல்லாத கையெழுத்தை விற்கவோ நம்பவோ கடினம்.

பிள்ளைகளுக்கென்று தனிச் சேகரிப்பும் தொடங்கலாம். பழைய ஊட்டி குதிரை ரேஸ் புத்தகங்கள் நல்ல தொடக்கம். ஸ்னூக்கர் விதிகள் உருவான ஊரும் ஊட்டிதான், அதைத் தொட்டும் தேடலாம். பழைய காகிதம் எது வாங்கினாலும் இரண்டு வாரம் தனிப் பையில் வைத்து, பூச்சியோ பூசணமோ இல்லை என்று உறுதியான பிறகே பெட்டியில் சேருங்கள்.