கார்ட்டூன் சேனல் கைமாறினால் மகளின் படிப்பு என்னவாகும்?

கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

மகள் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள், அனிமேஷன்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கோவையில் ஒரு பயிற்சி மையம் ஓராண்டு டிப்ளமோவுக்கு முன்பணம் கட்டச் சொல்கிறது. இதற்கிடையில் கார்ட்டூன் சேனல்கள் எல்லாம் ஒரே கம்பெனிக்குப் போகின்றன, சிலதை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. வளையலை அடகு வைத்துப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த மையத்துக்காக வளையலை அடகு வைக்க வேண்டாம். அதே சமயம், மகளை இந்தத் துறையிலிருந்து இழுத்துப் பிடிக்கவும் வேண்டாம். இரண்டையும் ஏன் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அரைகுறையாகத் தெரிந்துகொண்டால் பயம்தான் கூடும்.

நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை இருக்கிறது. 2024 நவம்பரில் ரிலையன்ஸின் வயாகாம்18 நிறுவனமும் டிஸ்னியின் ஸ்டார் இந்தியாவும் ஒன்றாகி ஜியோஸ்டார் ஆனது. அதுவரை நிக், சோனிக் ஒரு பக்கமும், டிஸ்னி சேனல், ஹங்காமா எதிர்ப்பக்கமும் நின்று குழந்தைகளுக்காகப் போட்டி போட்டன. இணைப்புக்குப் பிறகு எல்லாம் ஒரே முதலாளியின் கைக்கு வந்தன. ஒரே கையில் இத்தனை சேரக்கூடாது என்ற கவலை இந்தியப் போட்டி ஆணையத்துக்கும் இருந்தது. 2024 ஆகஸ்டில் அதன் ஒப்புதலைப் பெறுவதற்காக அந்த நிறுவனங்கள் கைவிட ஒப்புக்கொண்ட 7 சேனல்களில் ஹங்காமா, சூப்பர் ஹங்காமா இரண்டும் இருந்தன.

அமெரிக்காவில் இதே கதை இன்னும் நீளம். கார்ட்டூன் நெட்வொர்க்கை 1992-ல் டெட் டர்னரின் நிறுவனம் தொடங்கியது. 1996-ல் அது டைம் வார்னரிடம் போனது, 2018-ல் ஏ.டி. அண்ட் டி. என்ற தொலைபேசி நிறுவனத்திடம், 2022 ஏப்ரலில் டிஸ்கவரியோடு சேர்ந்து உருவான வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி என்ற புதிய நிறுவனத்திடம். அந்தக் கடைசி இணைப்பு பெருங்கடனோடு வந்தது. செலவைக் குறைக்க, முடித்து வெளியிட்டிருந்த அனிமேஷன் தொடர்களையே தங்கள் ஓடிடி தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கார்ட்டூன் நெட்வொர்க்கின் ஸ்டுடியோ நிர்வாகத்தை வார்னர் அனிமேஷனோடு சேர்த்தார்கள், 2023-ல் பர்பாங்க் நகரில் இருந்த அதன் கட்டடத்தையும் காலி செய்தார்கள். ராப்பகலாக வரைந்தவர்களின் வேலை பார்ப்பதற்கே கிடைக்காமல் போனதுதான் இதில் எனக்கு மிகவும் வருத்தமான பகுதி. பிறகு 2025 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் ஸ்டுடியோவையும் ஓடிடியையும் வாங்குவதாக நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. அந்தத் திட்டப்படி சேனல்கள் தனி நிறுவனமாகப் பிரியவேண்டியிருந்தது, அதாவது படம் எடுக்கும் இடம் ஒருவரிடம், ஒளிபரப்பும் சேனல் வேறொருவரிடம். உடனே பாரமவுண்ட், சேனல்களையும் சேர்த்து மொத்தமாக வாங்குகிறேன் என்று போட்டிக்கு வந்தது. நம் வீட்டு டிவியில் 1995-லிருந்து வரும் கார்ட்டூன் நெட்வொர்க்கும் 2004-ல் வந்த போகோவும் அந்த நிறுவனத்தின் சேனல்கள்தான். அதனால் அங்கே எடுக்கும் முடிவு இங்கேயும் வந்து சேரும்.

இனி உங்கள் மகளுக்கு இதில் என்ன பாதிப்பு என்று பார்ப்போம். உங்கள் ஊரில் தோப்புக்குத் தேங்காய் வாங்க இரண்டு வியாபாரி வரும்போது கிடைக்கும் விலை, ஒரே வியாபாரி வரும்போது கிடைக்குமா? கார்ட்டூன் தொடர் செய்யும் ஸ்டுடியோக்களின் நிலைமையும் அதுதான். முன்பு ஒரு சேனல் வேண்டாம் என்றால் அடுத்த சேனலின் கதவைத் தட்டலாம். இப்போது இரண்டு கதவுக்குப் பின்னாலும் ஒரே ஆள். புதுத் தொடருக்கான ஆர்டர் குறையும். ஏற்கெனவே கையில் உள்ள பழைய தொடர்களையே மாற்றி மாற்றிப் போடுவார்கள். குழந்தைகள் சேனலுக்கு விளம்பர வருமானம் எப்போதுமே குறைவு, சந்தாவிலும் பெரிதாக வராது. அதனால் கணக்குப் பிள்ளைகள் கத்தரி எடுத்தால் முதலில் கைவைப்பது இங்கேதான்.

ஆர்டர் குறைந்தால் யாருக்கு அடி? கதையும், காட்சிகளை வரிசையாக வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டும் செய்பவர் ஓரளவு தாக்குப்பிடிப்பார். அடுத்தவர் வரைந்ததைச் சுத்தமாக்கி, இரண்டு அசைவுகளுக்கு நடுவே வரும் படங்களை வரைந்து நிரப்பி, வண்ணம் போடுகிற தொடக்கநிலை ஆட்களுக்குத்தான் முதலில் வேலை போகும். ஓராண்டு டிப்ளமோக்களில் பெரும்பாலும் சொல்லித்தருவது அந்த வேலைகளைத்தான். மென்பொருள் ஒன்றிரண்டு பழக்குவார்கள், ஒரு காட்சி செய்யவைத்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். அதே வேலைகளைத்தான் இப்போது செயற்கை நுண்ணறிவும் மெல்ல எடுத்துக்கொள்கிறது. அந்த மையத்துக்கு வளையல் வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவே காரணம். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற பன்னாட்டு நிறுவனம் நொடித்தபோது பெங்களூருவில் ஆயிரக்கணக்கானோர் திடீரென்று வேலையிழந்தார்கள். பெரிய கம்பெனி என்றால் நிரந்தரம் என்ற கணக்கு இந்தத் துறையில் செல்லாது.

அப்படியானால் ஏன் மகளைத் தடுக்கவேண்டாம் என்கிறேன்? சேனலை நம்பாமல் வளர்ந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சோட்டா பீம் 2008-ல் போகோவில் தொடங்கியது, ஆனால் அந்தப் பாத்திரம் ஹைதராபாத்தின் கிரீன் கோல்ட் அனிமேஷனுக்குச் சொந்தம். அதனால் 2019-ல் குட்டி பீமை நெட்ஃபிளிக்ஸுக்கும் கொண்டுபோக அவர்களால் முடிந்தது. சென்னையில் 2013-ல் தொடங்கிய சுசு டிவி எந்தச் சேனலிடமும் போய் நிற்கவில்லை, யூடியூபில் பாட்டுப் போட்டு உலகம் முழுக்கக் குழந்தைகளைச் சேர்த்தது. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் 1999-லிருந்து டூன்ஸ் இருக்கிறது, நம் தெனாலிராமனைக் கார்ட்டூனாக்கியவர்கள். சேனலின் பெயர்ப்பலகை மாறலாம், இறங்கலாம். குழந்தைகள் கார்ட்டூன் பார்ப்பதை நிறுத்தப்போவதில்லை. கதை சொல்லத் தெரிந்தவர், வரையத் தெரிந்தவர், தான் செய்ததைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் இவர்களுக்கு இடம் இருக்கும்.

உங்கள் மகளுக்கு இன்னொரு பலம் உண்டு, உங்கள் கடிதத்தில் அதை நீங்கள் ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். 'வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம், எதிலும் முழுசா இல்லை' என்று. தயவுசெய்து அவள் காதுபட இதைச் சொல்லாதீர்கள். சன் குழுமம் ஒன்றே தமிழில் சுட்டி டிவி, மலையாளத்தில் கொச்சு டிவி, தெலுங்கில் குஷி டிவி என்று நடத்துகிறது. நிறுவனங்கள் இணைய இணைய, ஒரு தொடரை வாங்கிப் பல மொழியில் ஓட்டுவது இன்னும் கூடும். ஒரு குழந்தைப் பேச்சைத் தமிழிலும் மலையாளத்திலும் சிரிப்பு குலையாமல், வாயசைவுக்குப் பொருந்தி வரும்படி எழுதக்கூடியவர்கள் அதிகம் இல்லை. அவளைத் தினமும் ஐந்து நிமிடக் காட்சி ஒன்றைப் பார்த்து, வசனத்தை இரு மொழியிலும் எழுதிப் பழகச் சொல்லுங்கள். காசு செலவில்லாத பயிற்சி.

படிப்புக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த வழி திருச்சூர் அரசு நுண்கலைக் கல்லூரி, நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ. என்ற நுண்கலைப் பட்டம். நுழைவுத் தேர்வு உண்டு, கட்டணம் தனியார் மையத்தோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. அங்கே கை நன்றாகப் பழகும். கை பழகியவருக்கு மென்பொருள் சில மாத வேலை. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யில் அனிமேஷனுக்கே பி.டிசைன் பட்டம் இருக்கிறது, ஐ.ஐ.டி.களின் வடிவமைப்புப் படிப்புக்கு யூசீட் தேர்வு. யூசீடுக்குப் பிளஸ் டூவில் எந்தப் பிரிவும் போதும், ஆனால் கேள்வித்தாள் ஆங்கிலத்தில் வரும். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு அதற்கு ஓராண்டு தயாரிப்பு வேண்டும், அவசரப்படாதீர்கள். கோவைக் கல்லூரிகளில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கலாம், வீட்டிலிருந்தே போய்வரவும் முடியும். தமிழ்நாட்டு அரசு நிறுவனங்களில் சேர நினைத்தால் இருப்பிடச் சான்று விதியை முதலிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் ரேஷன் கார்டு கேரளாவுடையது, கடைசி நேரத்தில் அங்கே மாட்டிக்கொண்ட எல்லைப் பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

அந்த மையத்துக்கே ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க விரும்பினால் போங்கள், மகளையும் கூட்டிப்போங்கள். போன வருடம் படித்து முடித்த மூன்று பேரிடம் பேசவேண்டும் என்று கேளுங்கள். ஓவியம் யார் சொல்லித்தருகிறார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பாதியில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். 'சேனலில் வேலை உறுதி' என்று வாய்வார்த்தையாக மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எந்தச் சேனல் யார் கையில் இருக்கும் என்று அந்தச் சேனல்காரர்களுக்கே உறுதியில்லாத காலம் இது.

இந்த மாதம் செய்யவேண்டியது: உங்கள் ஊர் அரசு இணையச் சேவை மையமான அக்ஷயாவில் நுண்கலைக் கல்லூரி விண்ணப்பம் எப்போது வரும் என்று விசாரித்து, வில்லேஜ் ஆபீஸில் வருமானச் சான்றும் சாதிச் சான்றும் எடுத்து வையுங்கள். உங்களுக்குக் கேரள அரசின் இ-கிராண்ட்ஸ் கல்வி உதவித்தொகை பொருந்துமா என்றும் அங்கேயே கேளுங்கள். கடன் தேவைப்பட்டால் அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்புக்கு வங்கியில் கல்விக்கடன் கேட்கலாம், வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மகள் இதுவரை வரைந்ததில் அவளுக்கே பிடித்த பத்துப் படங்களைத் தேதி போட்டு ஒரு ஃபைலில் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை நாம் பேசும்போது அந்த ஃபைலை வைத்துக்கொண்டு பேசுவோம்.