நாய், பூனை வைத்தியத்துக்கு ஏன் இவ்வளவு பணம் கேட்கிறார்கள்? கொடுக்கிற பணத்துக்கு ஒழுங்காகப் பார்க்கிறார்களா?

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். 1,200 ரூபாய் கொடுத்து ஏமாந்ததும் உண்டு, 24,640 ரூபாய் கொடுத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டதும் உண்டு. கும்பிட்ட இடத்திலேயே சண்டையும் போட்டேன். அதனால் ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை.

எங்கள் வீட்டு நாய் சீனி. நாட்டு நாய், பெட்டை, அப்போது ஏழு வயது. கருத்தடை செய்யவில்லை. "ஒரு ஈத்தாவது போடட்டும்டி" என்று அம்மா சொல்லிச் சொல்லியே வருஷம் ஓடிவிட்டது. சிறுத்தை பயத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கே அதை உள்ளே கட்டிவிடுகிற வீடு எங்களுடையது. அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவர்கள் இதில் கோட்டை விட்டோம்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு வாரத்தில் சீனி சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. ஆனால் தண்ணீர் மட்டும் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தது. ஒருநாளும் வீட்டுக்குள் மூத்திரம் போகாத நாய், வராண்டாவில் போய்விட்டுக் குற்றவாளி மாதிரி முழித்தது. பக்கத்திலிருந்த தனியார் கிளினிக் ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். "குளிர் காத்துதான், ஊசி போட்டா சரியாயிடும்" என்றார். உதவியாளர் வந்து இரண்டு ஊசி போட்டார். ஒரு டானிக், சின்னக் காகித உறைக்குள் ரோஸ் கலரில் ஆறு மாத்திரை. உறைமேல் 1-0-1 என்று பேனாவில் எழுதியிருந்தது. மாத்திரையின் பெயர் இல்லை. 1,200 ரூபாய். மூன்றாம் நாள் மறுபடி போனோம், மறுபடி ஊசி, 950. இரண்டு தடவையும் டாக்டரின் கை நாயின் மேல் படவில்லை.

நாலாவது வீட்டு அக்கா மாடு வைத்திருக்கிறார். அவர்தான், "ஏன் காசைக் கொட்டுற, நம்ம அரசாங்கக் கால்நடை மருந்தகத்துக்குப் போயேன்" என்றார். அங்கே மாட்டையும் ஆட்டையும்தான் பார்ப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். போனபோது எனக்கு முன்னால் காலில் புண்ணோடு ஒரு ஆடு, கன்றுக்குக் கழிச்சல் என்று மருந்து கேட்டு ஒரு தாத்தா. என் முறை வந்ததும் டாக்டர் எழுந்து வந்தார். சீனியின் உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்த்தார். அடிவயிற்றை இரண்டு கையாலும் மெதுவாக அமுக்கினார். வாலைத் தூக்கினார். வாலுக்கடியில் முடி ஈரமாகக் கட்டிப்போய், பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மழை ஈரம் என்று நான் நினைத்துத் துடைத்துவிட்டிருந்த அதே இடம்.

"ஹீட்டுக்கு வந்து எவ்வளவு நாளாச்சும்மா?"

"அஞ்சு வாரம் இருக்கும் சார்."

"கர்ப்பப்பையில சீழ் கோத்திருக்கும்னு நினைக்கிறேன். ஸ்கேன் எடுத்தாத்தான் உறுதியாத் தெரியும், இங்க அந்த வசதி இல்ல. இன்னிக்கே கீழ கொண்டுபோங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க."

மொத்தம் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு பைசா வாங்கவில்லை. கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்கு ஹீட், அதாவது இணைசேரும் பருவம், முடிந்து ஓரிரு மாதத்துக்குள் இது வரலாம் என்றும், தண்ணீர் அதிகம் குடிப்பது பெரிய அடையாளம் என்றும், சில நாய்களுக்குச் சீழ் வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடும், அது இன்னும் ஆபத்து என்றும் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார். பெட்டை நாய் வைத்திருக்கிற யாராவது இதைப் படித்தால் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குன்னூருக்கும் ஊட்டிக்கும் போன் போட்டுப் பார்த்தோம். அன்றைக்கு அறுவைசிகிச்சை செய்ய எங்கேயும் ஆள் இல்லை. வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்ய 1907-லேயே பாஸ்டர் நிலையம் வந்த மலை இது. நாயின் வயிற்றைப் பார்க்க நாங்கள் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. நாய் என்றதும் இரண்டு டிரைவர்கள் மறுத்தார்கள். மூன்றாமவர், சீட்டில் தார்ப்பாயும் அதன்மேல் சாக்கும் விரிக்கிறேன் என்று நான் சத்தியம் செய்த பிறகு வந்தார். 3,800 ரூபாய். மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் சீனி மூன்று தடவை வாந்தி எடுத்தது.

கோவையில் அந்த மருத்துவமனையில் சீனியைப் பார்த்தவுடன் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ். அந்த லேடி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "முன்னாடி என்ன ஊசி போட்டாங்க?" என் கையில் இருந்தது அந்தக் காகித உறை மட்டும். அவர் மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. இரவு ஒன்பது மணிக்கு ஆபரேஷன் ஆரம்பித்து, முடிந்ததும் எடுத்த கர்ப்பப்பையைத் தட்டில் கொண்டுவந்து காட்டினார். சாதாரணமாக விரல் தடிமன்கூட இருக்காதாம். இது என் முன்கை அளவுக்கு உப்பியிருந்தது.

கும்பிட்டது அப்போதுதான். சண்டை, சனிக்கிழமை மதியம் பில் வந்தபோது.

சேர்க்கும்போது வாய்வார்த்தையாக 18,000-லிருந்து 20,000 வரை ஆகும் என்றார்கள். வந்தது 26,740. நான் கணக்கு எழுதுகிறவள், டீ ஃபேக்டரியில் பதினோரு வருஷமாக அதுதான் வேலை. உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தேன். வியாழன் சாயங்காலம் சேர்த்து சனி மதியம் கூட்டிப்போகிற நாய்க்கு மூன்று இரவுக்கு வார்டு கட்டணம். ஒரே ஒரு ஸ்கேன் எடுத்திருக்க, இரண்டு ஸ்கேன். கேட்டதும் கவுண்டரில் இருந்த பையன், "சிஸ்டம்ல அப்படித்தான் வருது மேடம்" என்றான். சிஸ்டத்தைச் சரிபண்ணச் சொன்னேன். 2,100 குறைந்தது. நான் கேட்காமல் இருந்திருந்தால்?

அதைவிட வலித்தது வேறு. இரண்டு நாளும் சீனியைப் பார்க்க விடவில்லை. "இன்ஃபெக்ஷன் ஆயிடும்" என்றே சொன்னார்கள். வெளியே கொண்டுவந்தபோது முன்னங்கால் ஊசி குத்திய இடத்தில் வீங்கிக் கிடந்தது, வயிற்றுக் கட்டில் மூத்திரக் கறை காய்ந்திருந்தது. ராத்திரி முழுக்க யாரும் கூண்டுப் பக்கம் போகவில்லை என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது. உயிரைக் காப்பாற்றிய அதே இடம்தான்!

சரி, ஏன் இவ்வளவு பணம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்கேன் மெஷினும் மயக்க மருந்தும் நமக்கு ஒரு விலை, நாய்க்கு ஒரு விலை என்று இல்லை. டாக்டர் ஐந்தரை வருஷம் படித்துவிட்டு வருகிறார். நமக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஈ.எஸ்.ஐ., ஜி.எச். என்று ஏதாவது ஒன்று தாங்கிக்கொள்கிறது. அதனால் ஒரு வயிற்று ஆபரேஷனின் முழு விலை நம் கண்ணில் படுவதே இல்லை. நாய்க்கு அது அப்படியே நம் பர்ஸில் விழுகிறது. என் அத்தைக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது தனியார் மருத்துவமனை பில்லைப் பார்த்தவள் நான், அதோடு ஒப்பிட்டால் சீனியின் பில் மலிவு. ஆக, தொகையைப் பார்த்து மட்டும் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். எனக்குக் கொள்ளையாகப் பட்டது அந்த முதல் 1,200-தான். தொடாமலே வாங்கின காசு அது.

இப்போது நான் எங்கே போனாலும் முதலில் எஸ்டிமேட்டைப் பேப்பரில் எழுதித் தரச் சொல்கிறேன். கூடினால் போன் பண்ணிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். மருந்துச் சீட்டு கையில் வராமல் வெளியே வருவதில்லை. நாய்க்கு எழுதுகிற மாத்திரைகளில் பல சாதாரண மெடிக்கலிலேயே கிடைக்கும், விலையும் குறைவு. அதற்காக நீங்களாக மாத்திரை கொடுத்துவிடாதீர்கள், நம் வீட்டுப் பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். இன்னொன்று, கால்நடை மருத்துவச் சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மருந்து, தீனி வாங்கினால் அதற்குத் தனியாக உண்டு. பில்லில் சிகிச்சைக்கும் சேர்த்துப் போட்டிருந்தால் கேளுங்கள். வைத்தியத்திலேயே பெரிய தவறு என்றால் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆனால் அதற்கெல்லாம் காகிதம் வேண்டும். என்னிடம் இருந்தது ரோஸ் மாத்திரை உறை. அதைக் கொண்டு எங்கே போவது?

அந்தக் கிளினிக் எது, அந்த மருத்துவமனை எது என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மருந்தக டாக்டர் பெயரைச் சொல்ல ஆசைதான், அவரையும் கேட்காமல் போடுவது சரியில்லை. தையல் பிரித்ததும் அவர்தான். அம்மா கொடுத்தனுப்பிய வர்க்கியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

போன மாதம் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. சீனிக்கு அடுத்த தடுப்பூசி மார்கழியில். புதிதாக வந்திருக்கும் டாக்டர் எழுந்து வருவாரா, மேசைக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருப்பாரா என்று அப்போது பார்க்க வேண்டும்.