செம்புப் புல்லட்டுக்கு லோடு கட்டுவது: வாசகர் கேள்வி – பதில்

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல், துப்பாக்கியால் எந்தக் காட்டு விலங்கை வேட்டையாடினாலும் ஈயமில்லாத புல்லட்தான் என்பது சட்டம். சுடப்பட்ட மானின் குடலில் சிதறிக் கிடக்கும் ஈயத் துணுக்குகளைத் தின்று காண்டார் கழுகுகள் மடிந்ததே இதற்கு முக்கியக் காரணம். அந்த இறைச்சி நம் வீட்டுச் சட்டிக்கும் வருகிறது என்பதால் இந்த மாற்றத்தை நாங்கள் முழு மனதோடு வரவேற்கிறோம். ஈயத்துக்குப் பதில் செம்புப் புல்லட்டுக்கு மாறி, சொந்தமாகத் தோட்டா கட்டுகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. ‘லோடு’ என்று நாங்கள் சொல்வது ஒரு தோட்டாவின் புல்லட், பவுடர் அளவு, புல்லட் உட்காரும் ஆழம் எல்லாம் சேர்ந்த கலவையை.

கேள்வி: என் .308 வின்செஸ்டர் (தோட்டா வகை) துப்பாக்கிக்கு 165 கிரெயின் (எடை அலகு) ஈயக்கரு புல்லட்டில் நல்ல லோடு ஒன்று இருக்கிறது. அதே எடையில் செம்புப் புல்லட் வாங்கி அதே பவுடர் அளவைப் போடலாமா?

கூடாது. எடை ஒன்றானாலும் புல்லட் ஒன்றல்ல. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்புக்கு 8.96. அதனால் அதே எடைக்குச் செம்புப் புல்லட் நீளமாகத்தான் இருக்கும். தோட்டாவின் மொத்த நீளத்துக்கு மேகசின் எல்லை போட்டுவிடுவதால், கூடுதல் நீளம் கேஸுக்குள், அதாவது பவுடரைத் தாங்கும் உலோகக் குப்பிக்குள், இறங்குகிறது. பவுடருக்கு இடம் குறைந்து அழுத்தம் ஏறுகிறது. போதாததற்கு, ஈயக்கருவைப் போலச் செம்பு விட்டுக்கொடுக்காது. ரைஃப்ளிங் (பேரலின் உள்ளே சுழன்று போகும் வரிகள்) அதில் தடம் பதிக்கவே கூடுதல் விசை வேண்டும். பல செம்புப் புல்லட்டுகளின் உடலில் தெரியும் பள்ளங்கள், அப்படி நெரிபடும் உலோகம் ஒதுங்குவதற்கான இடம். கேஸின் வாயை அழுத்தி இறுக்கும் கிரிம்ப் செய்யச் சொல்லும் அடையாளம் என்று நினைத்துவிடாதீர்கள்.

எனவே புல்லட் நிறுவனம் அதே புல்லட்டுக்கு வெளியிட்டிருக்கும் கையேட்டு அளவிலிருந்து தொடங்குங்கள். இந்தப் பக்கத்தில் நாங்கள் பவுடர் எடை தருவதில்லை. கேஸ், பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி), சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) மாறினால் அந்த எண்ணும் மாறும். கையேட்டின் தொடக்க அளவில் ஆரம்பித்து 0.5 கிரெயின் வீதம் ஏறுங்கள், உச்சத்தை நெருங்கும்போது 0.3 போதும். .308-க்கு அமெரிக்கத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அதை அளக்கும் கருவி வீட்டில் கிடையாது என்பதால் அறிகுறிகளைத்தான் நம்ப வேண்டும்: போல்ட் கைப்பிடி தூக்கக் கடினமாவது, கேஸின் அடியில் எஜெக்டர் (சுட்ட கேஸை வெளியே தள்ளும் பகுதி) தடம் பளபளப்பது, பிரைமர் தட்டையாவது. முதல் இரண்டில் ஒன்று தெரிந்தாலே நிறுத்திக் கீழே இறங்குங்கள். பிரைமரை மட்டும் பார்த்து முடிவு செய்வது ஏமாற்றும். மென்மையான பிரைமர் குறைந்த அழுத்தத்திலும் தட்டையாகும்.

எடையையும் குறையுங்கள். 165-க்குப் பதில் 150 கிரெயின் செம்பு மானுக்குத் தாராளம். ஈயம்போல உடைந்து சிதறாமல் ஏறக்குறைய முழு எடையையும் அது தக்கவைத்துக்கொள்ளும்.

கேள்வி: பவுடரை எவ்வளவு மாற்றினாலும் 100 கஜத்தில் குரூப் (குண்டுகள் விழும் பரப்பின் அகலம்) 2 அங்குலத்துக்குக் கீழே வரவில்லை. ரைஃப்ளிங்கை உரசுகிற மாதிரிதான் புல்லட்டை உட்கார வைக்கிறேன்.

கோளாறு அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. ஈயக்கரு புல்லட் பலவும் ரைஃப்ளிங்குக்கு அருகே நன்றாகச் சுடும். செம்புக்குத் தாவ இடம் வேண்டும். செம்புப் புல்லட் தயாரிக்கும் பார்ன்ஸ் நிறுவனம், புல்லட்டுக்கும் ரைஃப்ளிங்குக்கும் நடுவே சொல்லும் தொடக்க இடைவெளி 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ. உரசியபடி வைத்தால் குரூப் கெடுவதோடு அழுத்தமும் துள்ளி ஏறும்.

முதலில் உங்கள் சேம்பரில் ரைஃப்ளிங் எங்கே தொடங்குகிறது என்று அளந்தாக வேண்டும். அளவுக்கருவியில் மாட்டும் கேஸில் அந்தப் புல்லட்டையே வைத்து, சேம்பருக்குள் மெல்லத் தள்ளி, அது தொட்டு நிற்கும் இடத்தில் இறுக்குங்கள். வெளியே எடுத்துக் காலிப்பரில் கம்பேரேட்டர் (புல்லட்டின் வளைவில் பொருந்தி அளக்க உதவும் துணைக்கருவி) மாட்டி, அடியிலிருந்து புல்லட்டின் வளைவு வரைக்கும் அளவு எடுங்கள். முனையை வைத்து அளக்காதீர்கள், பிளாஸ்டிக் முனை ஒவ்வொரு புல்லட்டிலும் சற்று மாறும். ஐந்து முறை அளந்து ஒத்துவரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு புல்லட் வாங்கினால் வளைவும் வேறு, மறுபடி அளக்க வேண்டியதுதான்.

பிறகு, உச்சத்துக்கு நன்றாகக் கீழே பாதுகாப்பாக இருந்த ஒரே பவுடர் அளவில் 0.050, 0.080, 0.110 என்று மூன்று இடைவெளிகளில் தலா ஐந்து தோட்டா கட்டிச் சுடுங்கள். ஆழமாக இறக்க இறக்கக் கேஸுக்குள் இடம் குறையும் என்பதால் ஒவ்வொரு படியிலும் போல்டைக் கவனியுங்கள். மூன்று குண்டு குரூப்பை நம்பி லோடைத் தேர்ந்தெடுப்பதுதான் பலரும் செய்யும் பிழை. நல்லது என்று தோன்றும் இடைவெளியில் இன்னும் பத்து சுடுங்கள், பேரல் கையில் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு. 100 கஜத்தில் பத்து குண்டும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் அது மான் வேட்டைக்கு உண்மையிலேயே நல்ல லோடு.

சீட்டர் டையின் (புல்லட்டைக் கேஸில் உட்கார வைக்கும் கருவியின்) தண்டு பிளாஸ்டிக் முனையை அழுத்துகிறதா என்றும் பாருங்கள். அழுத்தினால் ஆழம் தோட்டாவுக்குத் தோட்டா மாறும். வளைவில் உட்காரும் தண்டு தனியாகக் கிடைக்கும். கேஸ் நீளம் .308-க்கு 2.015 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, 2.005-க்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கையேட்டின் உச்ச வேகத்தைவிட விநாடிக்கு 60 அடி அதிகம் காட்டுகிறது குரோனோகிராஃப் (புல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி). போல்ட் இலகுவாகத்தான் திறக்கிறது. தொடரலாமா?

வேண்டாம். கையேட்டுச் சோதனைப் பேரலும் உங்களுடையதும் ஒரே நீளமாக இருந்தால், வேகம் இலவசமாக வருவதில்லை, அழுத்தம்தான் அதைத் தருகிறது. போல்ட் இறுகும்போது பெரும்பாலும் எல்லையைத் தாண்டியிருப்பீர்கள். கையேட்டு வேகம் வரும் அளவுக்கு இறங்கிவிடுங்கள். தராசைச் சோதனை எடைக்கல் வைத்துச் சரிபாருங்கள்.

கேள்வி: இருபது குண்டு வரை நன்றாக இருந்த குரூப் அதற்குமேல் விரிகிறது.

பேரலில் செம்பு படிகிறது. பழைய புல்லட்டின் படிவு மீதே புதிதைச் சுட்டிருந்தால் இன்னும் மோசம். புல்லட் மாற்றும்போது ஒருமுறை உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்து தொடங்குங்கள். அம்மோனியா கலந்த கரைப்பான் துணியில் நீலமாக வரும், நீலம் நிற்கும்வரை துடைக்க வேண்டும். வெண்கலத் தூரிகை போட்டால் அதிலிருந்தும் நீலம் வரும், எனவே நைலான் தூரிகை நல்லது. கரைப்பானைப் பேரலில் ஊறவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், குப்பியில் சொன்ன நிமிடங்களோடு துடைத்து எண்ணெய் தடவுங்கள். சுத்தம் செய்தபின் முதல் சில குண்டுகள் சற்று விலகி விழலாம். வேட்டைக்குப் போகுமுன் அவற்றைச் சுட்டு முடித்துவிடுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் உரிமம் உள்ள துப்பாக்கிக்கு இதைச் செய்யலாமா?

தோட்டா தயாரிக்க 1959 ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும், துப்பாக்கி உரிமம் அதற்குப் போதாது. வேட்டையை 1972 வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. இங்கே எழுதுவது அமெரிக்க வாசகர்களுக்காக.

கேள்வி: செம்புப் புல்லட் விரியாமல் ஊசிபோல ஊடுருவிப் போகிறது என்கிறார்களே?

வேகம் குறைந்த இடத்தில் போகும். முனைக் குழி திறந்து இதழ்போல விரிய, மோதும்போது வேகம் வேண்டும். விநாடிக்கு 2,000 அடியைக் கீழ் எல்லையாக வைத்துக்கொள்வது பத்திரம். பாலிஸ்டிக் குணகம் (காற்றில் வேகத்தைத் தக்கவைக்கும் திறனின் அளவு) 0.42 உள்ள 150 கிரெயின் புல்லட் 2,800 அடியில் கிளம்பினால், கடல்மட்டக் காற்றில் சுமார் 400 கஜத்தில் அந்த எல்லைக்கு வந்துவிடும். குட்டைப் பேரலில் 2,600-தான் வருகிறதென்றால் 300 கஜத்தையே கடைசியாக வையுங்கள், அல்லது 130 கிரெயினுக்கு இறங்குங்கள். ரைஃப்ளிங் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும் பழைய .308 பேரலுக்கும் அந்த 130 பொருந்தும். நீளமான புல்லட்டை அந்தச் சுற்று நிலைநிறுத்தாவிட்டால் இலக்கு அட்டையில் துளை வட்டமாக இராது, பக்கவாட்டில் நீண்டிருக்கும். அந்த லோடை அன்றோடு விட்டுவிடுங்கள்.